சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், சுவரில் அடித்த ஒரு சின்னப் பலகையின்மேல் கேபிள் மோடம் ஒன்று இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அதன் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து அப்பிக் கிடக்கும். நடுவில் குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்கு பீரோ, மிக்ஸி, தையல் மெஷின், என் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைப்பேன். முன்பக்கம் விளக்கு எரிகிற இடம், அங்கே வைத்தால் மறைக்கும் என்று பக்கவாட்டில் வைப்பேன். மற்றச் சாமான்களையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் புதுப்பொட்டு. மோடத்துக்கு மட்டும் துடைப்பது கிடையாது, பழைய சந்தனத்தின்மேலேயே புதுச் சந்தனம். ஏனென்றால் அது என் பிறந்த வீட்டுச் சீர்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஆவுடையார்கோவிலில் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரரும் நானும் இந்த வீட்டைக் கட்டிக் குடிபுகுந்தபோது என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்து மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தான். தாம்பாளங்களில் பட்டு, வேட்டி, குத்துவிளக்கு, பழம், தேங்காய். கடைசித் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குக்கு நடுவே சந்தனம் தடவி, குங்குமம் வைத்து இந்த மோடம். அப்போதுதான் எங்கள் ஊர் கேபிள்காரர், டிவி வயரிலேயே இன்டர்நெட் வரப்போகிறது, மோடம் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான்தான் தம்பியிடம் கேட்டேன். மைக்கில் சீர் வாசித்தவர், “சிங்கப்பூர்த் தம்பி அக்காவுக்குக் கொண்டாந்த இன்டர்நெட் மிஷின்” என்று இழுத்துச் சொன்னபோது என் நாத்தனார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த பக்கம் நான் ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போது முகம் சுடுகிறது.

நான் காப்பீட்டு ஏஜென்ட். வாய்தான் எனக்கு முதல். ஒரு பொருளைப் புகழ ஆரம்பித்தால் எனக்கே அது உண்மையாகிவிடும். பாலிசி போடுகிற வீடுகளில் பேச்சுவாக்கில் இந்த மோடத்தையும் சேர்த்துப் புகழ்ந்திருக்கிறேன். “எங்க வீட்ல சிங்கப்பூர் மோடங்க, இங்கிட்டு எங்கயும் கெடைக்காது” என்பேன். தம்பி அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் சூப்பர்வைசர் என்பேன். அவன் பார்த்தது அடுக்குமாடி வீடுகளில் துப்புரவு வேலை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சூப்பர்வைசர் என்றேன்.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காடு வைத்திருக்கிற குடும்பம். மகன் வளைகுடாவில் இருக்கிறான். மருமகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, நடுநடுவே மேலதிகாரிகளோடு வீடியோவில் பேசுவது. என் பேத்தி பிறந்து, தவழ ஆரம்பித்து, வாசல்படியைத் தாண்டுகிற பருவத்துக்கு வந்திருந்தாள். அறைக்கதவைச் சாத்திவைத்தால் அதைத் தட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பாள். மருமகள் வேலைக்கு நடுவே வந்து அவளுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவாள்.

பிரச்சினை சாயங்காலங்களில் வரும். ஊரே நெட்டுக்குள் புகுந்துவிடுகிற நேரம். வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே மருமகளின் முகம் உறைந்து நின்றுவிடும். ஏற்றுகிற வேலை பாதியில் நிற்கும். அவள் வெளியே வந்து மோடத்தின் வயரை உருவி மறுபடி செருகுவாள். நான் காய் நறுக்கிக்கொண்டே அதைப் பார்ப்பேன். அவள் தன் செலவில் புது வைஃபை டப்பா வாங்கி மாட்டினாள். அதற்கும் மசியவில்லை.

“மோடம் பழசா இருக்கும்போல அத்தை” என்றாள் ஒரு நாள்.

“அது பழசெல்லாம் இல்ல. சிங்கப்பூர்ல வாங்குனது” என்றேன்.

என் மனதில் ஓடியது வேறு. இவளுக்குச் சென்னை போக ஆசை வந்துவிட்டது, ஆவுடையார்கோவில் கசந்துவிட்டது, நேராகச் சொல்ல முடியாமல் நெட்டைக் குறை சொல்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் மகனிடம் போனிலும் சொன்னேன். அவன் குழந்தையைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றினான். அதையும் நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களில் கேபிள் இணைப்பு வைத்திருப்பவர்களின் மோடம் டாக்சிஸ் 3.0 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், அப்படி இல்லாதவர்கள் அடுத்த மாதம் முதல் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. மருமகள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பேத்தி அவள் மடியில் ஹெட்போன் வயரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“டாக்சிஸ்னா என்னத்தா?” என்றேன்.

“கேபிள் வயர்ல நெட் வர்றதுக்கு ஒரு முறை அத்தை. அதுல பழைய முறை, புது முறைன்னு நம்பர் இருக்கு. ரெண்டுன்னா கண்மாய்க்கு ஒரே மடை இருக்கிற மாதிரி. மூணுன்னா நாலஞ்சு மடைய ஒண்ணாத் தெறந்து விடுற மாதிரி. கண்மாய் நெறஞ்சே கெடந்தாலும் மடை ஒண்ணுன்னா அவ்வளவுதானே பாயும்.”

“நம்மளது எத்தனை?”

“அதான் தெரியல. மாடல் நம்பரப் பாத்தாப் போன்லயே தேடிரலாம். மோடத்துக்குள்ள செட்டிங்ஸ் பக்கம் ஒண்ணு இருக்கு, போன்ல அதத் தெறந்து பாத்தேன், பாஸ்வேர்டு கேக்குது. அந்தப் பாஸ்வேர்டும் லேபிள்லதான் இருக்கும்.” மோடத்தைக் காட்டி, “லேபிள் அந்தச் சந்தனத்துக்கு அடியில இருக்கு அத்தை. ஓரத்துல ஒரு நம்பர் மட்டுந்தான் தெரியுது. கொஞ்சம் தொடைக்கலாமா?” என்றாள்.

பொட்டைத் துடைப்பதா? பிறந்த வீட்டுப் பொருளில் வைத்த பொட்டை, அதுவும் தம்பி கையால் வைத்த பொட்டை அழிப்பது எனக்கு ஆகாத காரியம். அதைச் சொல்லியிருந்தால்கூட நியாயம். நான் அதைச் சொல்லவில்லை. “மாடல் நம்பர் எதுக்கு? கேபிள்காரன் சிக்னலச் சுருக்கி வச்சிருக்கான். நான் போயிக் கேக்குறேன்” என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேபிள் ஆபீசில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் பாலிசி போட்டவர். ஆள் இருந்தால் எனக்கு வாய் இன்னும் நீளும். சாயங்காலம் சிக்னலைத் திருடி யாருக்கு விற்கிறீர்கள் என்றே கேட்டுவிட்டேன். கேபிள்காரர் நிதானமானவர். “சிக்னல் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. மோடம் ஒங்களுது, அது எந்த மாடல்னு எனக்குத் தெரியாது. எதுக்கும் மாத்திப் பாருங்க, எங்ககிட்ட புதுசு இருக்கு” என்றார்.

“சிங்கப்பூர் மோடத்தக் கழட்டிட்டு ஒங்க டப்பாவ மாட்டணுமாக்கும்” என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன். மருமகள் எதிர்பார்ப்போடு பார்த்தாள். “சரி பண்றேன்னு சொல்லிருக்கான்” என்று புளுகினேன்.

ஒன்றும் சரியாகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவும் அம்மாவும் கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்தார்கள். பையில் வறுத்த முந்திரி, பேத்திக்குக் கவுன். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்தபிறகு சம்பந்தி மெல்ல ஆரம்பித்தார்.

“பாப்பா வேலைய விட்டுறக்கூடாதுங்க. கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்குன வேலை. அது மெட்ராஸ் போயி ஹாஸ்டல்ல தங்கட்டும். பேத்திய நாங்க கூட்டிட்டுப் போயி வச்சுக்கிறோம். பால மறக்கடிச்சிரலாம்.”

மருமகள் அறைவாசலில் நின்றிருந்தாள். அப்பா பேசி முடிக்கும்வரை குழந்தையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கக்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவளுக்குச் சென்னை ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்தக் குழந்தையை விட்டுப் போகக் கூடாது என்றுதான் இத்தனை நாள் அந்த வயரை உருவி உருவிச் செருகியிருக்கிறாள். இவளைப் பற்றி மகனிடம் என்னென்ன சொன்னேன் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு கூசியது.

கூசியதும் ஒழுங்காக நடந்திருக்கலாம். கேபிள்காரரிடம் புது மோடம் வாங்கி மாட்டிவிடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சம்பந்தி முன்னால் அது எனக்கு வரவில்லை. என் வீட்டில் ஒரு குறை இருப்பதாக அவர்கள் நினைத்துவிடக்கூடாது என்பதுதான் முன்னால் வந்து நின்றது.

“யாரும் எங்கிட்டும் போக வேணாம். மோடம் நல்ல மோடந்தான். இப்பவே லேபிளப் பாத்துப் போட்டோ எடுத்து அனுப்பிருவோம்” என்றேன். சொல்லிவிட்டு, சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று தம்பியைக் கூப்பிட்டேன். நெட் கால், எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில்.

தம்பி இப்போது சிங்கப்பூரில் இல்லை. ஊரோடு வந்துவிட்டான். மீமிசலிலிருந்து மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறான். எடுத்ததும், “என்னக்கா, சாப்ட்டியா?” என்றான்.

“அந்த மோடம் நீ வாங்கிட்டு வந்தப்ப புது மாடல்தானடா? சம்பந்தி வீட்ல வந்துருக்காக, லேபிளப் பாக்கணுமாம்.”

ஆட்டோவை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “அது எதுக்குக்கா இப்ப. புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிக்கிருவோம்ல” என்றான்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா.”

“அக்கா, பொட்டத் தொடைக்காதக்கா. பொறந்த வீட்டுப் பொருளு.”

நான் சொல்ல வேண்டிய வசனத்தை அவன் சொன்னான். அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். “நீ சும்மா இரு, சாமி கோவிச்சுக்காது” என்று போனை டீப்பாயில் வைத்துவிட்டு ஈரத்துணியோடு போனேன். வயரைக் கழற்றாமலே மோடத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். சந்தனம் முதலில் வழுக்கியது, பிறகு களிமண்ணாக உருண்டு வந்தது. கூடமெல்லாம் சந்தன வாசனை. சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. கோடு கோடாக ஒரு பட்டை, மாடல் நம்பர், அப்புறம் அந்த வார்த்தை. டாக்சிஸ். பக்கத்தில் 2.0.

அது மட்டுமில்லை. லேபிளின் கீழ் மூலையில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில், நீலப் பேனாவில், யாரோ கையால் எழுதியது. ஒரு மாடி எண், ஒரு வீட்டு எண், அதற்குக் கீழே குப்பைக்குப் போக வேண்டியது என்று அர்த்தப்படும் ஒரே சொல்.

நான் அதைப் படித்த அதே நேரத்தில் பக்கத்தில் வந்து நின்ற மருமகளும் படித்துவிட்டாள். அவள் என் கையிலிருந்து மோடத்தை வாங்கினாள். வாங்கும்போதே அவளுடைய கட்டைவிரல் அந்தக் காகிதத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. இன்னொரு கையால் போனில் போட்டோ எடுத்தாள். விரலை எடுக்கவே இல்லை. அவளுடைய அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தபோதும் எடுக்கவில்லை.

“என்னத்தா போட்ருக்கு?”

“ரெண்டுன்னு போட்ருக்குப்பா.”

“அப்ப ஆகாதா?”

“ஆகாதுப்பா. மூணு இருந்தாத்தான் பிள்ளைய விட்டுட்டுப் போகாம இருக்கலாம்.”

சம்பந்தியம்மா, “அப்ப வாங்குனது, பழைய மாடலா இருக்கும்” என்று எனக்காகத்தான் சொன்னார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவரும் பார்த்தார். எனக்கு அது போதவில்லை. யார் தலையிலாவது இதைப் போட்டுவிட்டுத் தப்பித்தால் போதும் என்று இருந்தது.

“எல்லாம் எந்தம்பியச் சொல்லணும்” என்றேன் சிரித்துக்கொண்டே. “அவனுக்கு என்னத்தத் தெரியும். கடைக்காரன் எதத் தலையில கட்டுனாலும் தூக்கிட்டு வந்துருவான். சிங்கப்பூர் போயும் வெவரம் பத்தல. என்னமோ பெரிய சீர் செஞ்ச மாதிரி மேளம் வேற.”

சம்பந்தி மரியாதைக்குச் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் டீப்பாயைப் பார்த்தாள். அப்போது அங்கிருந்து ஒரு ஹாரன் சத்தம் வந்தது. லோடு ஆட்டோவின் ஹாரன், தெருவில் கேட்பதுபோல அவ்வளவு தெளிவாக. போன் வெளிச்சமாக இருந்தது. தம்பியின் படம் அதில் தெரிந்தது. நான் அதை வைத்தபோது அணைக்கவில்லை.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரை இருட்டானது. அவன்தான் துண்டித்தான்.

சம்பந்திகள் வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். இன்னும் நாள் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவர்களை பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவிடப் போன என் வீட்டுக்காரர் அப்படியே கடைக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மருமகளும் பேத்தியும். மோடம் வெறுமையாகப் பலகையில் நின்றது. துடைத்த இடம் மட்டும் வெளுப்பாக, மற்ற இடமெல்லாம் மஞ்சள் ஏறிப்போய்.

“அத்தை, அந்தக் காகிதத்தப் பிச்சிரட்டுமா?” என்றாள்.

“ஒங்க அப்பா அம்மா பாத்தாகளா?”

“இல்ல அத்தை.”

அதோடு முடித்துக்கொண்டாள். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், ஒரு குத்தல் பேசியிருக்கலாம், அத்தனைக்கும் அவளுக்கு உரிமை இருந்தது. நகத்தால் மெதுவாகச் சுரண்டி அந்தக் காகிதத்தை எடுத்து, சுருட்டி, அடுப்படிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

தம்பி அந்த மோடத்தை அட்டைப்பெட்டி இல்லாமல் கொண்டுவந்ததற்கு அன்றைக்கே ஒரு காரணம் சொன்னான். பெட்டியோடு கொண்டுவந்தால் ஏர்போர்ட்டில் புதுச்சாமான் என்று பிடித்துக்கொள்வார்கள், அதனால் பெட்டியைப் போட்டுவிட்டேன் என்றான். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாரும் செய்கிற காரியம்தான், நானும் கேள்வி கேட்கவில்லை. தாம்பாளத்தில் அத்தனை சந்தனத்தை ஏன் குழைத்து அப்பியிருந்தான் என்றும் கேட்கவில்லை. பாசம் என்று நினைத்தேன். ஒவ்வோர் ஆண்டும் அதன்மேல் நானும் தடவினேன். அவன் துடைக்கிற மாடிப்படிகளில் யாரோ வெளியே வைத்துவிட்டுப் போன சாமானை எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்து, துடைத்து, அக்காவுக்குக் கொண்டுவந்திருக்கிறான். என் நாத்தனார்கள் முன்னால் என் மானம் போகாமல் பார்த்துக்கொள் என்று போனில் அவனை நெருக்கியவள் நான். அவன் பார்த்துக்கொண்டான். நான்தான் சம்பந்தி முன்னால் அவன் மானத்தை வாங்கினேன், அதுவும் அவன் காது கேட்க.

அடுத்த இரண்டு நாளும் அவனைப் போனில் கூப்பிட வேண்டும் என்று எடுப்பேன், வைப்பேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? ஊரெல்லாம் பேசுகிற வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், முதலில் மருமகளுக்கு மோடம் ஆகட்டும் என்று கேபிள் ஆபீசுக்குக் கிளம்பினேன். அங்கே போய் எந்த முகத்தோடு கேட்பது என்பதும் ஒரு பாடு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை வெளியே தள்ளியபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் லோடு ஆட்டோ வந்து நின்றது.

தம்பி இறங்கினான். வெள்ளை வேட்டி, சட்டை. விசேஷ வீட்டுக்கு வருகிறவன் மாதிரி. உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, குரலைத் தாழ்த்தி, “சம்பந்தி ஆளுக இருக்காகளாக்கா?” என்றான்.

“அவுக அன்னைக்கே போயிட்டாகடா” என்றேன்.

“அப்பச் சரி” என்று ஆட்டோவின் முன்சீட்டிலிருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்தான். மேலே போட்டிருந்த துண்டை விலக்கினான். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். நடுவில் புது மோடம், பெட்டி பிரிக்கப்பட்டு, பெட்டியும் பக்கத்திலேயே. மோடத்தின் உச்சியில் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சந்தனம், அதில் ஒரு குங்குமப் பொட்டு. லேபிள் இருந்த பக்கம் சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கம் மேலே தெரியும்படி சாய்த்து வைத்திருந்தான்.

நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் தாம்பாளத்தோடு என்னைத் தாண்டிக் கூடத்துக்குள் போனான். மருமகள் எழுந்து, “வாங்க சித்தப்பா” என்றாள். முறைக்கு அவன் அவளுக்குச் சித்தப்பாதான். அவன் தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்தான், என் கையில் இல்லை.

“ஆத்தா, இதுல மூணுன்னு போட்ருக்கான்னு பாத்துச் சொல்லு. கடையில நாலு பேர்கிட்டக் கேட்டுத்தான் வாங்குனேன். இங்க கேபிள்காரர்கிட்டயும் காமிச்சிட்டேன், ஒத்துக்கிரும்னாரு. பில்லு பெட்டிக்குள்ள இருக்கு. சரியில்லன்னா மாத்திக்கலாம்.”

மருமகள் குனிந்து படித்தாள். “மூணுதான் சித்தப்பா. சரியா இருக்கு” என்றாள்.

“நல்லாப் பாத்துட்டியா?”

“பாத்துட்டேன் சித்தப்பா.”

அவள் அந்த லேபிளைப் போட்டோ எடுத்து அப்போதே அனுப்பினாள். இந்தத் தடவை கட்டைவிரலால் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு பழையதைக் கழற்றிப் புதிதை மாட்டி, கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டு அதன் நம்பரைப் பதியச் சொன்னாள். பேத்தி தவழ்ந்து வந்து வாழைப்பழத்தைப் பிடித்து இழுத்தாள். தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு, “நீ எங்கிட்டும் போக வேணாம்டி தங்கம்” என்றான்.

நான் அடுப்படிக்குப் போய்ச் சோறு வைத்து, அவனுக்கு இலை போட்டேன். அவன் உட்கார்ந்தான். குழம்பு ஊற்றும்போது, இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“அன்னைக்குப் போன்ல நான் பேசுனது...”

“போன்லயா?” அவன் இலையை விட்டு நிமிரவில்லை. “அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. ஒங்க வீட்டு நெட்டுதான் தெரியும்ல, விட்டு விட்டு வந்துச்சு. நான் அப்பவே வச்சுட்டேன்.”

அறைக்குள் மருமகளின் வீடியோ மீட்டிங் தொடங்கியிருந்தது. அவள் பேசுவது தடங்கலில்லாமல் கூடம்வரை கேட்டது. தம்பி சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றக்கா என்றான். ஊற்றினேன்.